வெனிலா இலை, தண்டு ஸ்லைடுகளைப் பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

இரண்டு வெனிலா கொடிகளின் இலைப் புறத்தோல் நுண்ணோக்கியில் சற்று மாறித் தெரிந்தால் போதும், "இது வேறு இனம்" என்று பல மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். அதிகம் வருத்தம் தரும் தவறு இதுதான். தோட்டங்களில் இருக்கும் வெனிலா பிளானிஃபோலியா பெரும்பாலும் தண்டுத் துண்டை நட்டு வளர்த்தது. ஒரே தாய்க்கொடியின் துண்டுகளுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் வெயிலில் வளர்ந்த இலையும் அடர்நிழலில் வளர்ந்த இலையும் தடிமனிலும் இலைத்துளைகளின் நெருக்கத்திலும் மாறுபடக்கூடும். கொடி நுனியிலிருந்து எத்தனையாவது இலை, நடுப்பகுதியா ஓரமா, எவ்வளவு நிழல் என்று எழுதாமல் எண்ணிய எண்ணிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

மேல்பக்கத்தை மட்டும் உரித்துப் பார்த்துவிட்டு "துளைகளே இல்லை" என்பதும் அடிக்கடி நடக்கிறது. அவை பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். பகலில் அவை மூடியிருந்தால் செடிக்கு நோய் என்றும் நினைக்க வேண்டாம். வெனிலா கேம் (CAM) வகைத் தாவரம். அதாவது, பகலில் அல்ல, இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்.

தண்டைப் பலரும் கவனிப்பதே இல்லை. பச்சைத் தண்டும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காடுகளில் வளரும் வெனிலா வாக்கரியேவில் அந்த வேலை பெரும்பாலும் தண்டுடையதுதான். இந்த இனத்தை 'இலையற்றது' என்று சொன்னாலும் கணுக்களில் சிறு செதில் இலைகள் உண்டு. அந்தச் செதிலை பிளானிஃபோலியாவின் தடித்த இலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தண்டைத் தண்டோடு, அதுவும் ஒத்த வயதுள்ள கணுவிடையோடு (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) ஒப்பிடுங்கள்.

செல்களுக்குள் கட்டுக்கட்டாகத் தெரியும் ஊசிகள் பூஞ்சையோ தூசியோ அல்ல, கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அசிட்டிக் அமிலத்தில் இவை கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும். அதனால் அந்த அமிலம் பட்ட வெட்டைப் பார்த்து "படிகம் இல்லை" என்று எழுதாதீர்கள். வெட்டும்போது கையுறை அவசியம். வெனிலா சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் வரும்.

இலையற்ற இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியப் பூ வேண்டும். பூக்காத தண்டு மட்டும் கிடைத்தால் 'வெனிலா, இலையற்றது' என்று எழுதி, எடுத்த இடத்தையும் தேதியையும் சேர்த்து, அதே கொடி பூக்கும் பருவத்தில் திரும்பப் போய்ப் பாருங்கள்.