வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு பழைய பெரு நாட்டுப் பானை

கி.மு. 1800 அளவில் பெருவின் வறண்ட கரையோரத்தில் பானை வனையத் தொடங்கியவர்கள், அதற்கு வெகு காலம் முன்பே பருத்தி பயிரிட்டு வலை பின்னி, சுரைக்குடுவையை மிதவையாகக் கட்டி மீன் பிடித்த மக்கள். குயவர் சக்கரம் அவர்களிடம் இல்லை. சரி, அவர்கள் செய்தது போல ஒரு பானையை வீட்டில் வனைய நமக்கும் அது வேண்டாம், பல்கனியில் ஒரு பலகை போதும்.

களிமண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்று மணல் சேர்த்துப் பிசையுங்கள். கடல் பக்கத்தில்தானே என்று அந்த மணலை அள்ளி வராதீர்கள், அதிலுள்ள சிப்பித்தூள் சூட்டில் சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் ஊதிப் பானையைப் பொரிந்துபோக வைக்கும். என் முதல் சட்டி அப்படித்தான் போனது.

அடியை ஒரு கிண்ணத்துக்குள் அழுத்தி எடுங்கள். அப்புறம் விரல் தடிப்பில் மண்ணைத் திரித்துச் சுற்றுச் சுற்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் தேய்த்து ஒட்டிக்கொண்டே போய், மேலே வரவரச் சுற்றைச் சுருக்கினால் கழுத்தில்லாத உருண்டைப் பானை வரும், அந்தக் கரையின் பழைய வடிவங்களில் அது ஒன்று. பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேயுங்கள், பளபளக்கும்.

பெருவின் கரையில் மழையே அரிது. கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு கிழமையாவது நிழலில் காயட்டும், ஈரமிருந்தால் நெருப்பில் வெடிக்கும்.

சுடுவது மாடியில் வேண்டவே வேண்டாம், வளவுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். விறகும் பொச்சுமட்டையும் அடுக்கி, முதலில் சிறு நெருப்பு, ஒரு மணித்தியாலம் கழித்துப் பெருநெருப்பு. தானாக ஆறும்வரை தொடாதீர்கள். கறுப்புத் திட்டு விழுவது இயல்பு. தண்ணீர் கசிந்தால் கஞ்சியை ஊற்றிக் கொதிக்க வையுங்கள், குறையும்.