ஃபிளாட்சம் என்று எப்போது சொல்லலாம்?

கப்பல் விபத்துச் செய்தியைத் தமிழாக்கும்போது ஃபிளாட்சம் என்ற ஆங்கிலச் சொல் வந்தால், பலரும் 'மிதக்கும் பொருட்கள்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தென்னை மட்டையும் மிதக்கும், வலையில் கட்டிய மிதவையும் மிதக்கும், அவை ஃபிளாட்சம் ஆகிவிடுமா? கப்பல் உடைந்தோ கவிழ்ந்தோ மூழ்கியோ போகையில், யாரும் தூக்கிப் போடாமல் தானாகக் கடலில் விழுந்து மிதக்கிற சரக்கும் கப்பலின் துண்டுகளும்தான் ஃபிளாட்சம்.

அதனால் இப்போது மிதக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எப்படித் தண்ணீருக்குள் வந்தது என்று பாருங்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் சாய்ந்து மூழ்கியபோது கன்டெய்னர்கள் கடலில் விழுந்து மிதந்தன, அது ஃபிளாட்சம். ஆபத்தில் இருக்கும் கப்பலின் பாரத்தைக் குறைக்க மாலுமிகளே சரக்கைக் கடலில் தள்ளிவிட்டிருந்தால் அதற்குப் பெயர் ஜெட்சம். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் இவை, முன்னதில் மிதத்தலும் பின்னதில் எறிதலும் இருக்கின்றன, இதை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது.

இன்னும் இரண்டு உண்டு. பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அடையாளத்துக்கு மிதவை கட்டிக் கடலில் இறக்கிய சரக்கு லேகன். மீட்கும் நம்பிக்கையே இல்லாமல் கைவிட்டுப் போன கப்பலோ சரக்கோ டெரிலிக்ட்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை, பொருள் யாருக்குச் சேரும் என்ற வழக்குகளில் உருண்டு வந்த வித்தியாசம். இங்கிலாந்தில் 1601-ல் வந்த கான்ஸ்டபிள் வழக்குத் தீர்ப்பின்படி, கடலில் இருக்கும்வரைதான் ஃபிளாட்சம், ஜெட்சம், லேகன் என்ற பெயர்கள், கரையில் ஒதுங்கிவிட்டால் அது 'ரெக்', அதன் உரிமைக் கணக்கே வேறு. இன்றைய பிரிட்டிஷ் சட்டம், 1995-ல் வந்தது, நான்கையும் ரெக் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அங்கே கண்டெடுத்தவர் 28 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், உரிமையாளர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம். கடல் கொண்டுவந்தது கண்டவனுக்கே சொந்தம் என்ற நினைப்பு தவறு.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'மிதவை' வேண்டாம், அது வேறு பொருள். 'கப்பலிலிருந்து விழுந்து மிதக்கும் சரக்கு' என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் 'மிதக்கும் சரக்கு' என்று சுருக்கலாம். உடைந்த பலகையும் சேர்ந்து மிதந்தால் 'கப்பல் சிதைவுகள்' பொருந்தும். கொல்லம், ஆலப்புழைக் கரைக்கு வந்துவிட்ட கன்டெய்னர்களுக்கு 'கரை ஒதுங்கிய' என்று நம்மிடமே அழகான சொல் இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். ஆங்கிலச் சொல்லையே வைப்பதென்றால் 'ஃபிளாட்சம்கள்' என்று பன்மையாக்காதீர்கள், மணல் மாதிரி அது எண்ண முடியாத பெயர்.

ஃபிளாட்சமும் ஜெட்சமும் ஜோடியாக வந்தால் பெரும்பாலும் அங்கே கடலே இருக்காது. ஒருவர் பரணில் கிடந்த ஃபிளாட்சம், ஜெட்சத்தை ஒழித்தார் என்று எழுதியிருந்தால், 'தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்தார்' என்று எழுதினால் போதும்.