ஒட்டுசுட்டானில் ஒரு நாள்: கல்லைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள்

வட இலங்கையின் முல்லைத்தீவுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் ஒட்டுசுட்டான் சந்தியில் ஒரு தேத்தண்ணியோடு அந்த ஊரை முடித்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் எங்கள் பக்கத்து ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் ஊர் அது. சுவீடனிலும் கனடாவிலும் பிறந்த மருமக்களை ஊர் காட்டக் கூட்டி வருகிறவர்கள் கட்டாயம் ஒரு பகலாவது ஒதுக்குங்கள்.

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியால் திரும்பினால், முல்லைத்தீவு போகும் வழியில் ஏறத்தாழ நடுவில் ஒட்டுசுட்டான் வரும். வவுனியாவில் இருந்து முல்லைத்தீவு பஸ் எடுப்பவர்கள், நெடுங்கேணிப் பக்கத்தாலும் பஸ் ஓடுவதால், ஏற முதல் “ஒட்டுசுட்டான் போகுமோ?” என்று கொண்டக்டரிடம் கேளுங்கள்.

காலை வெயில் ஏற முதல் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். குரக்கன் தாளுக்குத் தீ வைத்தபோது ஒரு இடம் மட்டும் எரியாமல் நின்றது, அங்கேதான் லிங்கம் இருந்தது என்று ஊரவர் சொல்வார்கள். அதனால் வேகாவனம் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆண்கள் வேட்டியோடு போனால் நல்லது, மேல்சட்டையைக் கழற்றத் தயங்க வேண்டாம்.

அப்புறம் பண்டாரவன்னியன் நடுகல் நிற்கும் கற்சிலைமடு. சந்தியில் நிற்கும் எந்த ஆட்டோக்கார அண்ணையும் வழி சொல்வார். 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான், உள்ளே இருந்த வெள்ளைக்காரப் படை தோணியேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31இல், கப்டன் வொன் டிரிபேர்க் அவனை இந்தப் பக்கத்தில்தான் தோற்கடித்தான். அதைச் சொல்லும் நடுகல்லை முதலில் நட்டது வெள்ளைக்காரரே. வென்றவன் தன் பெருமைக்கு நட்ட கல்லைத் தோற்றவனின் சனம் தங்கள் பெருமையாக்கி வைத்திருக்கிறது, எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: கல்லில் தோற்கடித்தான் என்றுதான் எழுதினார்கள், கொன்றான் என்றில்லை. மன்னன் அன்றே இறந்தானா, பிறகும் சண்டை போட்டானா என்பதில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் “ஐயா, நீங்கள் எப்படிக் கேள்விப்பட்டனீங்கள்?” என்று தொடங்கினால் போதும், பிறகு நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை.

ஆனால் போர் முடிந்த 2009 பற்றி நீங்களாகக் கிண்டாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், போனைத் தூக்கிப் பிடிக்காமல்.

மத்தியானம் குளத்து மீன் குழம்பும் சோறும், பிறகு தயிர். பாலைப்பழக் காலமென்றால் விடாதீர்கள், உதடு ஒட்டும், அதுதான் அதன் ருசியே. மான், மரை இறைச்சி கிடைக்குமா என்று மட்டும் விசாரிக்க வேண்டாம், வேட்டை சட்டவிரோதம், கேட்கிற உங்களால் விற்கிறவனும் மாட்டுவான்.

பின்னேரம் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் காற்று வாங்கலாம். கட்டையும் பாவனையில் உள்ள பாதையையும் விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். வைகாசியில் வருகிறீர்கள் என்றால் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலோடு நாளைப் பொருத்துங்கள், கடல்நீரில் விளக்கெரியும் கோயில் அது, சனம் அள்ளுப்படும்.

மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இருட்ட முதல் கிளம்புங்கள். இரவில் றோட்டில் யானை நிற்கும், ஹோர்ன் அடித்து விரட்டப் பார்க்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை பொறுங்கள்.