பிளகின் பதிப்பைப் பூட்டுங்கள், ஆனால் துருப்பிடிக்க விடாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைகளுக்கு இணையக் கடை கட்டித் தருபவர்கள் கவனிக்க: தீபாவளி விற்பனை வாரத்தில் ஒரு பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணைநிரல்) தானாக வேறு பதிப்புக்கு மாறினால் பணம் செலுத்தும் பக்கமே நின்றுபோகலாம்.

என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொதிகளை நிறுவும் கருவி) பதிப்பு எண்ணுக்கு முன்னால் உள்ள குறியைப் பாருங்கள். ^2.4.1 என்றால் அதிலிருந்து 3.0.0-க்குக் கீழே எதுவும் வரலாம், ~2.4.1 என்றால் 2.5.0-க்குக் கீழே மட்டும். குறியில்லாமல் 2.4.1 என எழுதினால் அதே பதிப்புதான். ஆனாலும் அந்த பிளகின் இழுத்துவரும் துணைப் பொதிகள் நகரும்! அதனால் லாக் கோப்பையும் (எல்லாப் பொதிகளின் சரியான பதிப்புகளையும் குறித்து வைக்கும் கோப்பு) கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) சேர்த்து, சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், லாக் கோப்பில் உள்ளதையே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுங்கள். நீங்கள் எழுதிய பதிப்புப் பட்டியலோடு லாக் கோப்பு பொருந்தாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (சோதனை, வெளியீட்டு வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை) டேக்கை, அதாவது பதிப்புக்கு ஒட்டும் பெயரை, நம்ப வேண்டாம். எழுதும் உரிமை கிடைத்த எவரும் அதை வேறு கமிட்டுக்கு (நிரலின் ஒரு பதிவு) திருப்பலாம். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ட்-ஃபைல்ஸ் என்ற துணைநிரலில் தீங்கு நிரல் இப்படித்தான் நுழைந்தது. 40 எழுத்துள்ள கமிட் அடையாளத்தை முழுதாக எழுதி, பதிப்பு எண்ணைப் பக்கத்தில் குறிப்பாக வையுங்கள்.

பூட்டிவிட்டு மறந்தால் பழைய பாதுகாப்பு ஓட்டைகளும் சேர்ந்தே தங்கிவிடும். ரெனோவேட்டில் (புதிய பதிப்பு வந்தால் மாற்றத்தைத் தயாரித்துத் தரும் கருவி) புதிய வெளியீட்டுக்கு 7 நாள் காத்திருப்பு வையுங்கள். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் காத்திருப்பே கூடாது. சிறு மாற்றங்களைச் செவ்வாய் காலையில் மொத்தமாகச் சேர்க்கலாம், வெள்ளி மாலையில் வேண்டவே வேண்டாம். முதல் எண் மாறும் பதிப்புகளைத் தனித்தனியாகவே ஏற்றுங்கள். இரண்டைச் சேர்த்து ஏற்றினால் எது உடைத்தது என்று தேடியே நாள் போய்விடும்.