சீனத்து அரண்மனைக் காதல் நகைச்சுவைத் தொடரின் நிறைகுறைகளை எடைபோடுவது எப்படி

திருகோணமலையில் நான் பழகும் வீடுகளில், உவர்மலையிலும் சரி உப்புவெளியிலும் சரி, பின்னேரங்களில் தாய்மாரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து பார்ப்பவற்றுள் சீனத்து அரண்மனைத் தொடர்கள் உறுதியான ஓர் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் பார்த்து முடித்தவரிடம் தொடர் எப்படி என்று கேட்டால், நாயகன் வடிவு, உடுப்புகள் வடிவு, பிற்பகுதி இழுவை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வாசகர் வட்டத்தில் பேசவோ சஞ்சிகைக்கு எழுதவோ விரும்பும் ஒருவர் அதற்கு மேலே போகவேண்டும். ஒரு தொடரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குவதே தெளிவாக இருக்கும் என்பதால், 2020 ஆம் ஆண்டு டென்சென்ட் வீடியோ என்னும் சீன இணையத் தளத்தில் 24 பாகங்களாக வெளிவந்த ‘த ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ தொடரை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த தொடர் இதுதான். பிடித்த தொடரின் குறையைக் காணப் பழகுவதே இந்த வேலையில் கடினமான பகுதி.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென் சியாவோச்சியன் என்னும் இளம் திரைக்கதையாசிரியை, தான் எழுதிய கதைக்குள்ளேயே கண்விழிக்கிறாள். அங்கே அவள் நாயகி அல்லள்; மூன்றாம் பாகத்திலேயே சாகவேண்டும் என்று தானே எழுதிவைத்த, ஹுவாயுவான் நகரத்தின் மூன்றாம் இளவரசி. அவளுடைய உயிரைப் பறிக்கவேண்டியவன், இன்னொரு நகரத்தின் இளைய அதிபதியும் அவள் எழுதிய கதையின் நாயகனுமான ஹான் ஷுவோ. ஜாவோ லூசியும் டிங் யூஷியும் இந்த இருவராக நடித்திருக்கிறார்கள்.

முதலில் சரியான அளவுகோலைத் தெரிவு செய்யுங்கள். இத்தொடரில் வரும் ஹுவாயுவான், ஷுவான்ஹு ஆகிய இரு நகரங்களும் சீன வரலாற்றில் எங்கும் இல்லாதவை. பெயரிட்ட ஓர் அரச வம்சத்தில் நடக்கும் தொடரென்றால் உடை, பதவிப் பெயர், சடங்கு என்பன அந்தக் காலத்தோடு பொருந்துகின்றனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கற்பனை அரசில் நடக்கும் தொடரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமில்லை. அங்கே கேட்கவேண்டியது, அந்தக் கற்பனை உலகம் தனக்குத் தானே வகுத்த விதிகளைக் கடைசிவரை மதிக்கிறதா என்பதையே. முதல் இரண்டு பாகங்களைப் பார்க்கும்போதே அந்த விதிகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் வரும் தீர்ப்பு முழுவதும் அதிலேயே தங்கியிருக்கும்.

அடுத்து, சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். நகைச்சுவைத் தொடரில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாராவது வழுக்கி விழுவதும் முகத்தைக் கோணுவதும் எந்தத் தொடரிலும் வரும். அவற்றைத் தூக்கி வேறொரு கதையில் வைத்தாலும் ஒன்றும் மாறாது. ஹுவாயுவானிலோ பெண்கள் ஆட்சி செய்கிறார்கள், பதவிகளை வகிக்கிறார்கள். ஆண்கள் வீட்டோடு இருக்கிறார்கள். ஆண்கள் ஆளும் ஷுவான்ஹுவில் வளர்ந்த ஹான் ஷுவோவை மூன்றாம் இளவரசி மாப்பிள்ளையாகக் கடத்திக்கொண்டு வருகிறாள். வாள் பிடித்துப் பழகிய ஒருவன், மனைவியின் தயவில் வாழும் கணவனுக்குரிய ஒழுக்கங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டி வருகிறது. இந்தச் சிரிப்பு அந்த ஊரின் விதியிலிருந்தே பிறக்கிறது, வேறெங்கும் கொண்டுபோக முடியாதது. தொடரின் முதற்பெரும் பலம் இதுவே.

இங்கே நம் ஊர்ப் பார்வையையும் எழுத்தில் சேர்க்கத் தயங்காதீர்கள். ஹான் ஷுவோ இளவரசியின் மாளிகைக்கு வந்து குடியிருக்க நேர்ந்ததை எண்ணிக் குமுறும் இடத்தில், என் பெரியம்மா, “மாப்பிள்ளை பொம்பிளை வீட்டில வந்து இருக்கிறதில என்ன பகிடி?” என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கிழக்கிலங்கைத் தமிழர் குடும்பங்களில் மகளுக்குச் சீதனமாக வீடு எழுதிக் கொடுப்பதும், மணமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம்தானே. வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருந்தாலும் வீட்டுக்கு வெளியே முடிவெடுக்கும் இடங்களில் பெரும்பாலும் ஆண்களே இருப்பதை அறிந்த நமக்கு, சொத்தையும் பதவியையும் ஒருசேரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இத்தொடர் கேட்பது வேறொரு கூர்மையுடன் படுகிறது. இப்படி எழுதினால் கதைச் சுருக்கம் விமரிசனமாக மாறத் தொடங்கும்.

மூன்றாவதாக, காதலைத் தாமதப்படுத்தும் மனக்கசப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். காதல் நகைச்சுவை தவறான புரிதலை நம்பியே ஓடுகிறது. ஆகவே தவறான புரிதல் இருப்பதே குறை என்று எழுதுவது பயனற்றது. இருவரும் ஒரு நிமிடம் மனம்விட்டுப் பேசினால் இது தீர்ந்துவிடாதா என்று கேளுங்கள். தீர்ந்துவிடும், ஆனாலும் அவர்கள் பேசவில்லை என்றால், கதாசிரியர் பாகங்களை நிரப்புகிறார் என்று பொருள். இத்தொடரின் முற்பகுதியில் சென் சியாவோச்சியனால் மனம்விட்டுப் பேசவே முடியாது. நீ நான் எழுதிய பாத்திரம், என்னைக் கொல்வதற்காகவே உன்னைப் படைத்தேன் என்று எவரிடம் சொல்வது? உயிருக்குப் பயந்து அவள் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியத்தையும் அவன் காதலென்று எடுத்துக்கொள்கிறான். சிரிப்பும் காதலும் ஒரே காரணத்திலிருந்து வளர்வதால் அந்தப் பாகங்கள் அவ்வளவு இலகுவாக ஓடுகின்றன.

குறை தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, தொடரின் நடுப்பகுதியில் வரும் பாகங்களை இரண்டாம் தடவை பாருங்கள். இரு நகரங்களுக்கிடையிலான பகை முன்னுக்கு வரவர, பெண்ணாட்சி என்ற விதி பின்னணித் திரையாகச் சுருங்குகிறது. மனக்கசப்புகளும் பேசித் தீர்க்கக்கூடியவையாக மாறிவிடுகின்றன. என்னை மிகவும் வருத்தியது இரண்டாம் இளவரசி சென் சூசூவின் கதி. கடமை தவறாதவள், ஆட்சிக்குத் தகுதியானவள், உண்மையில் அந்தத் திரைக்கதையின் நாயகி அவள்தான். ஆசிரியை உள்ளே வந்து கதையைக் கலைத்ததால் காதலையும் தாயின் மதிப்பையும் இழந்து நிற்கிறாள். அவளுடைய கோபத்துக்கு முழு நியாயம் இருந்தும், தொடர் அவளை எதிரியாக்கி நகர்ந்துவிடுகிறது. தன் பாத்திரத்துக்குச் செய்த அநீதியை ஆசிரியை முகங்கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்தக் கதையில் மட்டுமே இருந்தது. குறை எழுதும்போது ‘பிற்பகுதி மந்தம்’ என்று விட்டுவிடாமல், இப்படி எந்தப் பாத்திரத்தில் எந்த வாய்ப்பு தவறியது என்று காட்டுங்கள்.

சில விடயங்களைக் குறையென்று எண்ணி மயங்க வேண்டாம். உதட்டசைவும் குரலும் சற்று விலகித் தெரிவது, சீனத்தில் அரச உடைத் தொடர்களுக்குப் படப்பிடிப்பின் பின்னர் தொழில்முறைக் கலைஞர்கள் குரல் கொடுக்கும் வழக்கத்தால் வருவது. ஒரே முற்றமும் ஒரே வீதியும் பல தொடர்களில் தென்படுவது, ஜெஜியாங் மாகாணத்து ஹெங்டியான் போன்ற பெரும் படப்பிடிப்பு நகரங்களை எல்லோரும் பகிர்ந்து கொள்வதால். நீளத்தையும் பக்குவமாகக் கணியுங்கள்: 2020 பெப்ரவரியில் சீன வானொலி, தொலைக்காட்சி நிர்வாகம் தொடர்கள் 40 பாகங்களைத் தாண்டாமல் இருக்குமாறு அறிவுறுத்தி, 30 பாகங்களுக்குள் முடிப்பதை ஊக்குவித்தது. அதற்குமுன் 70 பாகங்கள் ஓடிய தொடர்களும் உண்டு. ஆகவே 24 பாகங்கள் என்பது ஒரு நிறை. அவற்றுக்குள்ளும் கதை தளர்ந்தால் அது கூடுதல் கனமுள்ள குறை.

எழுத உட்காரும்போது நிறைக்கு ஐந்து, குறைக்கு ஐந்து என்று எண்ணிக்கையைச் சமப்படுத்த முயலாதீர்கள். என் கணக்கில் இத்தொடரின் முற்பாதி இந்த வகையின் மிகச் சிறந்த பாதிகளுள் ஒன்று; பிற்பாதி நடிகர்கள் இருவரின் ஈடுபாட்டால் தாங்கப்பட்டு நிற்பது. முடிவில் கதை அவளை மீண்டும் நிகழ்காலத்துக்குக் கொண்டுவருகிறது. அதை வெளிப்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அந்தப் பந்தியைக் கட்டுரையின் கடைசியில் வைத்து, இன்னும் பார்க்காதவர் அதற்குமுன் நிறுத்திக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.