நேராக்கிய கூந்தலிலிருந்து இயல்பான சுருள் முடிக்கு மாறுவது எப்படி?

ரிலாக்ஸர், ரீபாண்டிங், நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங் ஆகியவற்றால் நேராக்கப்பட்ட முடி எந்த எண்ணெயைத் தடவினாலும், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் பழைய சுருளுக்குத் திரும்பாது. இயல்பான முடிக்கு மாறுவதென்றால், வேரிலிருந்து புதிதாக முளைக்கும் முடியை வளரவிட்டு, நேராக்கிய பகுதியை ஒரேயடியாகவோ சிறிது சிறிதாகவோ வெட்டி நீக்குவதுதான். இந்த ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டவர்கள், "சுருளை மீட்டுத் தரும்" என்று விற்கப்படும் கிரீம்களுக்குப் பணத்தைச் செலவிடாமல், புதிய முடி உடையாமல் வளர்வதற்கு வேண்டிய பராமரிப்பில் கவனம் செலுத்தலாம்.

முடிக்கு வலிமையும் வடிவமும் தருவது கெரட்டின் என்னும் புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே இணைத்து வைத்திருக்கின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு கொண்ட ரிலாக்ஸரும், கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து தயாரிக்கும் ரிலாக்ஸரும் இந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை லாந்தியோனின் என்னும் வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் அவை பழைய நிலைக்கு வரவே முடியாது. ரீபாண்டிங்கில் தயோகிளைகோலேட் என்னும் ரசாயனம் பிணைப்புகளை அறுக்கிறது, சூடான இரும்பு முடியை நேராக்குகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த நேரான நிலையிலேயே பிணைப்புகளைப் பூட்டிவிடுகிறது. வழி வேறானாலும் விளைவு ஒன்றுதான்: மருந்து பட்ட நீளம் முழுவதும் நிரந்தரமாக மாறியிருக்கும், முன்பிருந்த வலிமையும் அதில் இராது.

கெரட்டின் டிரீட்மென்ட், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் செய்யப்படுபவற்றில் பல இப்படிப்பட்டவை அல்ல. அவை பெரும்பாலும் முடியின் மேல் படிந்து, சில மாதங்களில் தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கழன்றுவிடும். ஆகவே இதை மட்டும் செய்துகொண்டவர்கள் உடனே கத்தரிக்கோலைத் தேட வேண்டாம்; ஆறு மாதமாவது காத்திருந்து, முடியை நனைத்துப் பார்த்து, சுருள் திரும்புகிறதா என்று கவனித்துவிட்டு முடிவெடுக்கலாம். டிரீட்மென்ட்டின்போது பட்ட கடும் சூட்டினால் சில இழைகள் நேராகவே நின்றுவிடுவதும் உண்டு. அவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதா, காத்திருப்பதா?

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, சிலருக்குச் சற்றுக் கூடும், சிலருக்குக் குறையும். அந்தக் கணக்கில் தோள் வரை, அதாவது 30 செ.மீ. அளவுக்கு இயல்பான முடி வளர இரண்டரை ஆண்டுகள் ஆகும். சுருள் முடி சுருங்கி நிற்பதால், கண்ணுக்குத் தெரியும் நீளம் உண்மையான நீளத்தில் பாதியாகக்கூட இருக்கலாம். இதை அறியாதவர்கள்தான் ஓராண்டு கழித்து "முடி வளரவேயில்லை" என்று மனம் தளர்ந்து மீண்டும் ரிலாக்ஸரிடம் போய்விடுகிறார்கள். ஒரு சுருளை இழுத்துப் பிடித்து அளந்து பார்த்தால் வளர்ச்சி தெரிந்துவிடும்.

நேராக்கிய முடி ஏற்கெனவே மெலிந்து, நுனி வெடித்து, சீப்பு பட்டாலே உடைகிறதென்றால் குட்டையாக வெட்டிவிடுவதே நல்லது. நொந்துபோன முடியைக் காப்பாற்ற ஓராண்டு உழைத்தாலும் கடைசியில் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். முடி ஓரளவு நலமாக இருந்து, குட்டை முடியில் தம்மைப் பார்க்க மனம் ஒப்பவில்லையென்றால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓரிரு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே போகலாம். பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி: எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை பொறுத்திருந்து, கையில் பிடித்து வாரும் அளவுக்குப் புதிய முடி வந்தபின் மீதியை ஒரே தடவையில் நீக்கிவிடுவது. எந்த வழியானாலும், முடியை நனைத்து நேரான பகுதி எங்கே தொடங்குகிறதென்று கண்ணால் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். உலர்ந்து வாரிய முடியில் அந்த எல்லை தெரியாது.

எங்கே உடைகிறது?

இந்தக் காலம் முழுவதும் நீங்கள் காக்க வேண்டியது புதிய முடியும் பழைய முடியும் சந்திக்கும் இடத்தைத்தான். தலையிலிருந்து உதிர்ந்த ஓர் இழையை எடுத்து, வேர்ப்பக்கத்திலிருந்து நுனி நோக்கி இரு விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துப் பாருங்கள். முதல் சில சென்டிமீட்டர் வரை நெளிநெளியாக, சற்றுச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். திடீரென்று ஓரிடத்தில் இழை மெலிந்து வழுவழுப்பாகிவிடும். அந்த இடத்தில் இரு முனைகளையும் பிடித்து லேசாக இழுத்தாலே பட்டென்று அறுந்துவிடும். சீப்பு, இறுக்கமான ரப்பர் பேண்ட், தலையணை உராய்வு ஆகியவற்றின் இழுவை முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் விழுகிறது.

உதிர்வதும் உடைவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. அவற்றின் ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருக்கும். குமிழ் இல்லாமல், நீளம் குறைந்த துண்டுகளாகக் கிடந்தால் அவை உடைந்தவை. இந்த அளவு உதிர்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உடைவைக் கண்டால் அந்த வாரமே பராமரிப்பை மாற்ற வேண்டும்.

தலைக்குக் குளிக்கும் நாள்

பெரும்பாலோருக்கு வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பது போதுமானது. எண்ணெய்ப்பசை அதிகமுள்ளவர்களுக்கும் வியர்க்க உழைப்பவர்களுக்கும் இரண்டு முறை தேவைப்படலாம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, முடியின் நீளத்துக்குச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பல எண்ணெய்கள் முடியின் மேற்பரப்பிலேயே நின்றுவிட, தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. பிறகு முடியை நான்கு பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கி வையுங்கள். இப்படிப் பிரித்துக் கழுவினால் பாதிச் சிக்கல் விழாமலே போகும்.

ஷாம்பூவை விரல் நுனிகளால் தலையின் தோலில் மட்டும் தேய்த்தால் போதும். நுரை வழிந்து இறங்கும்போதே நீளம் சுத்தமாகிவிடும். துணி துவைப்பதைப்போல் முடியை மேலே குவித்துக் கசக்குவது, முன்பு சொன்ன சந்திப்பிடத்தில் முடிச்சுகளை உண்டாக்கும். சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவை வழக்கமாகப் பயன்படுத்துங்கள். கால்சியம் கலந்த ரிலாக்ஸரைப் பயன்படுத்தியவர்களுக்கும், உப்பு நீரில் குளிப்பவர்களுக்கும் முடியின்மேல் தாதுப் படிவு சேர்ந்து வறட்சியாகத் தெரியும். அவர்கள் மாதம் ஒருமுறை படிவை நீக்கும் ஷாம்பூவைப் பயன்படுத்தினால் மாற்றம் உடனே புலப்படும்.

சிக்கெடுப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் முடி அதிகமாக உடைவது இந்த வேளையில்தான். நீர் சொட்டும் முடியில், கை வழுக்கும் அளவுக்கு கண்டிஷனரைத் தடவியபின், ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து முதலில் விரல்களால் பிரியுங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் இழுக்காமல் அங்கே இன்னும் கொஞ்சம் கண்டிஷனரை வைத்து, அதன் அடியிலிருந்து இழை இழையாக விடுவியுங்கள். அதன்பின் அகலமான பற்களுள்ள சீப்பை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி, நுனி சீராக வாரியபின் சற்று மேலே, பிறகு இன்னும் மேலே என்று ஏற வேண்டும். வாரும்போது மறு கையால் சந்திப்பிடத்துக்கு மேலே முடியைப் பிடித்துக்கொண்டால் இழுவை அந்தப் பலவீனமான இடத்தைத் தாக்காது. ஒரு பாகம் முடிந்ததும் மறுபடி முறுக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சுருள் முடியை உலர்ந்த நிலையில் வாரும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அலசியபின் துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே லீவ்-இன் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடும்) கண்டிஷனரையும், சுருள் நிற்க வேண்டுமானால் சிறிது ஜெல்லையும் தடவி, முழுவதும் உலரும்வரை கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

நனைந்த முடியை இழுத்தால் குழைந்து நீண்டுகொண்டே போய் அறுகிறதா, நீளாமல் உடனே முறிகிறதா என்று கவனியுங்கள். முன்னதற்குப் புரதம் தேவை. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை நீராற்பகுக்கப்பட்ட, அதாவது சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம் கொண்ட டிரீட்மென்ட் போடலாம். பின்னதற்கு ஈரப்பதம் தேவை. வாரம் ஒருமுறை அடர்த்தியான கண்டிஷனரை அரை மணி நேரம் வைத்து அலசலாம். பச்சை முட்டையை அடித்துப் பூசுவதால் புரதம் முடிக்குள் போவதில்லை, அதன் மூலக்கூறுகள் அதற்கு மிகப் பெரியவை. ஒரு முடியைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டாம். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் காற்றுமே அதன் விடையை மாற்றிவிடும்.

இரண்டு முடியும் ஒன்றாகத் தெரிய

வேரில் சுருளும் நுனியில் நேருமாக நிற்கும் முடியைச் சமாளிக்க எளிய வழி, நேரான பகுதியைச் சுருளச் செய்வதுதான். இரவில் ஈரம் பாதி உலர்ந்த முடியை இரண்டிரண்டு புரிகளாக முறுக்கி, நுனிகளை வளையும் ரோலர்களில் சுற்றி, காலையில் முற்றிலும் உலர்ந்தபின் பிரித்தால் இரு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் விழும். தளர்வான பின்னலும் தாழ்வான கொண்டையும் அவசர நாட்களுக்கு உதவும். பட்டு அல்லது சாட்டின் உறை போட்ட தலையணை இந்த வடிவத்தை மறுநாளும் காக்கும்.

இறுக்கம் மட்டும் கூடாது. பின்னியபின் நெற்றி இழுபட்டு வலித்தாலோ, முன்வரிசை முடியின் அடியில் சிறு பருக்கள் தோன்றினாலோ, பின்னலை அன்றே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபடும் மயிர்க்கால்கள் காலப்போக்கில் தழும்பாகிவிட்டால் அங்கே மறுபடி முடி முளைக்காது. செயற்கை முடி சேர்த்துப் பின்னுபவர்கள் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குமேல் அதை வைத்திருக்க வேண்டாம்.

விழா, நேர்காணல் போன்ற நாட்களில் வேரை மட்டும் அயர்ன் செய்துகொள்ளத் தோன்றும். அடிக்கடி செய்தால், நீங்கள் பொறுமையாக வளர்த்த முடியே சூட்டினால் சுருளை இழக்கும். தவிர்க்க முடியாதபோது, நன்கு உலர்ந்த முடியில் வெப்பக் காப்பு கிரீமைத் தடவி, 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒரே ஒரு முறை இழுத்தால் போதும். ரிலாக்ஸர் போட்ட முடிமேல் ரீபாண்டிங் மருந்தையோ, ரீபாண்டிங் செய்த முடிமேல் ரிலாக்ஸரையோ ஒருபோதும் போடக் கூடாது. இரண்டு ரசாயனங்களும் ஒத்துப்போகாமல் முடி கொத்துக் கொத்தாக அறுந்துவிடும்.

திரும்பவும் நேராக்கத் தோன்றும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் நான்கு முறைக்குமேல் முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்குமேல் இருந்தது. பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் 1.64 விழுக்காட்டினருக்கும், அடிக்கடி பயன்படுத்துபவர்களில் 4.05 விழுக்காட்டினருக்கும் இந்நோய் வரலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவியதன்று. ஆயினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

தலையின் தோலும் முகமும்

கிரீம், ஜெல், எண்ணெய் ஆகியவற்றின் பயன்பாடு கூடும்போது நெற்றி ஓரத்திலும் கன்னப் பக்கத்திலும் மேல் முதுகிலும் சிறு பருக்கள் தோன்றுவதைப் பலர் வேறு காரணங்களோடு குழப்பிக்கொள்கிறார்கள். முடியை அலசி முடித்த பிறகே முகத்தையும் முதுகையும் கழுவுவது, கிரீம்களை முடியின் எல்லையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தடவுவது, தலையணை உறையை வாரந்தோறும் மாற்றுவது ஆகிய மூன்றே பெரும்பாலும் போதும். முகத்துக்கு மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் போதும். முடியைக் குட்டையாக வெட்டியவர்கள், இதுவரை மறைந்திருந்த காதுகளுக்கும் பிடரிக்கும் சன்ஸ்கிரீனைத் தடவ மறக்கக் கூடாது.

பொடுகு இருக்கும்போது தலையின் தோலில் எண்ணெய் தேய்ப்பது அதைக் கூட்டவே செய்யும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைக் கொண்டே வளர்கிறது. கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியோன் உள்ள ஷாம்பூவைத் தோலில் ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். உச்சந்தலையில் முடி மெலிந்து தோல் பளபளத்தாலோ, எரிச்சலும் வலியும் நீடித்தாலோ, வட்டமாக முடி கொட்டினாலோ தோல் மருத்துவரைக் காலம் தாழ்த்தாமல் பாருங்கள். தழும்பு உண்டாக்கும் முடி உதிர்வை ஆரம்பத்தில்தான் தடுத்து நிறுத்த முடியும்.

நேரான நுனி எல்லாம் போய்விட்டதா என்பதை அறிய, ஷாம்பூ போட்டு அலசிய முடியில் எதையும் தடவாமல் உலரவிட்டு, சுருளாமல் தொங்கும் இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும்தான் இவை ஒளிந்திருக்கும். அதன்பின் புரத டிரீட்மென்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நலமான முடிக்கு அது அவ்வளவு தேவைப்படாது, மிகுந்தால் முடி விறைத்துவிடும்.

உச்சியில் தளர்ந்தும் பிடரியில் இறுகியும் சுருள்வது இயல்பு என்பதால், ஒரே கிரீம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராவிட்டால் பகுதிக்கு ஏற்ப அளவை மாற்றிப் பாருங்கள். ஒரு பொருளை மாற்றினால், முடி எப்படி நடந்துகொள்கிறதென்று நான்கு வாரமாவது பார்த்தபின்பே அடுத்ததை மாற்றுங்கள்.