புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறதா? கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

புகைபோக்கியை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உப்பிக்கொண்டு வந்ததும், நிறையப் பேர் ஒரு சீலன்ட் குழாயை வாங்கிக்கொண்டு கூரைக்கு ஏறி, கண்ணில் பட்ட விரிசலில் எல்லாம் அப்பிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். தண்ணீர் நுழையும் இடமும் அது நமக்குத் தெரியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. உச்சியில் நுழைந்த நீர் செங்கலுக்குள்ளேயே இறங்கி, கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, சில அடி தள்ளி எங்கோ சொட்டும். வழியைக் கண்டுபிடிக்காமல் அடைத்தால், வெளியே காய்ந்து போக இருந்த ஈரமும் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மழைநீர் நுழைவதற்கு முக்கியமாக நான்கு இடங்கள் உண்டு: புகைக்குழலின் திறந்த வாய், அதைச் சுற்றி உச்சியில் போட்டிருக்கும் கான்கிரீட் தளம், செங்கல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள கலவையும், கடைசியாகப் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் சுற்றிலும் பதித்திருக்கும் உலோகத் தகடு. அந்தத் தகட்டைத்தான் ஃபிளாஷிங் என்பார்கள்.

முதலில், எப்போது ஒழுகுகிறது என்று குறித்து வையுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கணப்புக்குள், அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்புக்குள் சொட்டினால் குழல் வாயின் மேல்மூடி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. காற்றோடு ஒரு திசையிலிருந்து சாரல் அடிக்கும்போது மட்டும் வந்தால் அந்தப் பக்கத்துச் செங்கல் இணைப்பையோ ஃபிளாஷிங்கையோ சந்தேகப்படலாம். மணிக்கணக்கில் பெய்து ஓய்ந்த பிறகு மெதுவாக ஈரம் தெரிந்தால் செங்கல் நீரை உறிஞ்சுகிறது. பனி விழும் ஊராக இருந்தால், கூரைப் பனி உருகும் நாட்களில் வரும் கசிவு பெரும்பாலும் புகைபோக்கியின் மேல்பக்க ஃபிளாஷிங்கில் இருந்துதான் வரும்.

மழையே இல்லாமல், புகைபோக்கி வழியாகப் புகையை விடும் எரிவாயு ஹீட்டர் ஓடும்போது மட்டும் ஈரம் வருகிறதா? அப்படியானால் அது கசிவே அல்ல. எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அகலமான பழைய குழலில் அந்தப் புகை மெதுவாக ஏறி, மேலே போவதற்குள் குளிர்ந்து நீராகப் படிந்துவிடுகிறது. இதற்கு எந்தப் பூச்சும் உதவாது, கருவிக்குப் பொருத்தமான அளவில் உள்குழல் போட வேண்டும். புகை சரியாக மேலே ஏறாத வீட்டில் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும் ஆபத்தும் இருக்கிறது, அதற்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ஆகவே இந்த அறிகுறி இருந்தால் ஹீட்டரை நிறுத்திவிட்டு அந்த வேலை தெரிந்தவரை உடனே கூப்பிடுங்கள்.

அடுத்து, ஏறாமலே பார்க்கக் கூடியதைப் பாருங்கள்

நெருப்பு அணைந்து நன்றாக ஆறியபிறகு டார்ச் அடித்துக் கணப்புக்குள்ளிருந்து மேலே பாருங்கள். டாம்பர் என்கிற இரும்பு மடல் துருப்பிடித்திருந்தால் நீர் வெகுநாளாகக் குழல் வழியாகவே இறங்குகிறது. பிறகு கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குப் போய், புகைபோக்கியைச் சுற்றியுள்ள மரங்களில் கறை எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். கறையின் அடிப்பகுதி நம்மை ஏமாற்றும், அதன் மேல்நுனிதான் தண்ணீர் வந்த திசையைக் காட்டும். பரணில் காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரம் என்றால் ஃபிளாஷிங் மேல் சந்தேகம் குறைகிறது.

வெளியே தரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் உதிர்ந்த இணைப்பு, தூக்கிக்கொண்டு நிற்கும் தகடு, முகம் பொரிந்த செங்கல் எல்லாம் தெரிந்துவிடும். செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே நீர் போய்வருகிறது என்று அர்த்தம்.

தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு, இன்னொருவர் பரணில் டார்ச்சோடு. சில நாட்கள் மழையில்லாமல் எல்லாம் காய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள்.

கீழிருந்து மேலே போக வேண்டும், இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மேலே ஊற்றினால் நீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், அப்புறம் எது காரணம் என்று சொல்லவே முடியாது. முதலில் புகைபோக்கிக்குக் கொஞ்சம் கீழே கூரை ஓட்டின் மேல், பிறகு கீழ்ப்பக்க ஃபிளாஷிங், இரண்டு பக்கவாட்டுகள், முகட்டைப் பார்த்த பின்பக்கம், அதற்குப் பிறகு செங்கல் சுவர், கடைசியாக உச்சித் தளம். ஒவ்வொரு இடத்திலும் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், மழை விழுவதுபோல் மெதுவாக விழட்டும், அழுத்தமாக அடித்தால் சாதாரண மழையில் ஒழுகாத இடம்கூட ஒழுகும். உள்ளே இருப்பவர் ஈரம் கண்டதும் குரல் கொடுக்க, அங்கேயே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுமை இல்லாமல் 5 நிமிடத்தில் அடுத்த இடத்துக்குப் போனால் செங்கலுக்குள் ஊறிவரும் கசிவு தப்பிவிடும்.

கூரைக்கு ஏறுவதாக இருந்தால்: ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், இறவாரத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும், பக்கத்தில் மின்கம்பி இருக்கக் கூடாது. நனைத்த கூரையில் கால் வைக்காதீர்கள், தண்ணீரை ஏணியில் இருந்தே விடுங்கள். செங்குத்தான கூரை என்றால் நீங்கள் ஏறவே வேண்டாம், கூரை வேலை செய்பவரிடம் விட்டுவிடுங்கள். ஒரு கசிவுக்காக இடுப்பை உடைத்துக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

இனி சரிசெய்வது

மேல்மூடி சுலபம். குழலின் வெளி அளவை எடுத்து, வலை வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடியை வாங்கித் திருகினால் போதும்.

உச்சித் தளத்தில் மயிரிழை விரிசல்தான் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கென்றே விற்கும் ரப்பர்போல் நெளியும் பூச்சைப் பூசலாம். துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தால் பூசிப் பயனில்லை, உடைத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும்: வெளிப்பக்கம் சரிவு, சுவரைத் தாண்டி 2 அங்குலம் நீட்டல், நீட்டலின் அடியில் நீர் சொட்டுவதற்கு ஒரு பள்ளக்கோடு. சூடேறும்போது குழல் விரியும் என்பதால் அதைச் சுற்றி இடைவெளி விட்டு, நெளியும் சீலன்ட்டால் நிரப்ப வேண்டும். பல வீடுகளில் செங்கல் கட்டிய மிச்சக் கலவையையே மெல்லிசாகப் பூசிவிடுகிறார்கள், அதனால்தான் சீக்கிரம் வெடிக்கிறது.

செங்கல் இணைப்பு உதிர்ந்திருந்தால் பாயிண்டிங். பழைய கலவையைச் சுமார் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உளியால் கொத்தி எடுங்கள், தூசியை ஊதிவிட்டு லேசாக நனைத்து, புதிய கலவையை ஒரே மூச்சில் திணிக்காமல் அடுக்கடுக்காக அழுத்துங்கள். கட்டைவிரல் வைத்தால் லேசாகப் பதியும் பதத்தில் உட்குழிவாகத் தேய்த்து முடித்து, சில நாட்கள் ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். உறைபனி விழும் நாட்களில் இதைச் செய்யாதீர்கள், நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், புதுக் கலவை தாங்காது. பழைய மென்மையான செங்கலாக இருந்தால் சிமென்ட் கூடிய கெட்டிக் கலவை கூடவே கூடாது. இணைப்பு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் செங்கல் வழியாக வந்து, செங்கலின் முகமே பொரிந்து விழும். சுண்ணாம்புக் கலவைதான் அதற்குப் பொருத்தம்.

ஃபிளாஷிங்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அது இரண்டு அடுக்கு. கீழ்த்தகடு ஓட்டுக்கு அடியில் நுழைந்து சுவரோடு மேலே மடங்கும், மேல்தகடு செங்கல் இணைப்புக்குள் செருகப்பட்டு கீழ்த்தகட்டின் மேல் கவிழ்ந்திருக்கும். மேல்தகடு மட்டும் வெளியே வந்திருந்தால் இணைப்பைச் சுத்தம் செய்து, தகட்டைத் திரும்பச் செருகி, ஈயத் துண்டை மடித்து ஆப்புபோல் இறுக்கி, பாலியூரிதேன் சீலன்ட்டால் மூடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், செங்கலில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். தார் பூசுவதும் வேண்டாம், அது வெயிலில் காய்ந்து வெடிக்கும், அடியில் இருக்கும் ஓட்டையையும் மறைத்துவிடும். கீழ்த்தகடே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கூரை ஓடுகளைப் பிரித்துத் தகட்டைப் புதிதாகப் போட வேண்டும், அது தொழில் தெரிந்தவர் வேலை.

புகைபோக்கி 30 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்து, பின்பக்கத்தில் இலையும் நீரும் தேங்கினால், அங்கே இரண்டு பக்கமும் சரியும் ஒரு சின்னக் கூரைமேடு கட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் எத்தனை முறை தகடு மாற்றினாலும் அதே இடத்தில் மறுபடி ஒழுகும்.

பழுது எல்லாம் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நீர்விலக்கிப் பூச்சு. சிலேன், சிலாக்சேன் வகையைக் கேட்டு வாங்குங்கள், அவை வெளிநீரைத் தடுக்கும், உள்ளே இருக்கும் ஆவியை வெளியே விடும். பெயின்ட்போல் படலம் கட்டும் பூச்சு எதுவும் அடிக்காதீர்கள். ஒழுகிய இடத்தில் மட்டும் அதே ஹோஸ் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். உள்சுவருக்குப் பெயின்ட் அடிக்க அவசரம் வேண்டாம், நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து ஓதம் திரும்ப வரவில்லை என்று தெரிந்தபிறகு அடித்துக்கொள்ளலாம்.